காபி தொடாத தொண்ணூறு நாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும்; வந்தால் லேசில் போகாது. "இவ கோவத்த அடுப்புல வச்சா ஒரு வாரத்துக்கு கேஸே தேவையில்ல" என்று என் மாமியார் முனியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பொய்யில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

என் பெயர் தமிழ்ச்செல்வி. ஆரணியில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. தோளில் ஒரு பை, அதற்குள் பிரஷர் மிஷின், விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற கருவி, கையில் போன். பட்டுத்தறி ஓடுகிற தெருக்கள்தான் என் பகுதி. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து வீட்டுப் படி ஏறி இறங்குவேன்.

பல வீடுகளில் காபி கொடுப்பார்கள். அந்தக் காபி எதில் வருகிறது என்று பார்த்தே வீட்டை எடை போட்டுவிடுவேன். வீட்டார் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டு எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் நீட்டினால், "வயிறு சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். சிரித்துக்கொண்டே பிரஷர் பார்ப்போம்.

புஷ்பலதா அக்கா வீட்டில் பேப்பர் கப்பே கிடையாது. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, என்னைவிட எட்டு வயது பெரியவள். வீட்டுக்காரர் குமரேசன் தறியில் உட்கார்வார். அக்காவுக்குப் பிணைப்பு வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு; ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவைக் கொண்டுவந்து, அதன் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் செய்வாள். காபி இல்லாவிட்டால் நூறு இழைகூட ஓடாது அவளுக்கு. காலையில் இரண்டு, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று.

அந்தப் பதினொரு மணிக் காபியில் எனக்குப் பங்கு உண்டு. ஒரே டம்ளரில் போட்டு, நன்றாக ஆற்றி, பாதியை டபராவில் ஊற்றி என் பக்கம் தள்ளுவாள். டம்ளர் ஒரு நாள் எனக்கு, டபரா ஒரு நாள் எனக்கு. முதல் தடவை அவள் அப்படித் தள்ளியபோது குடிக்காமல் டபராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. "சக்கர கம்மியா?" என்று கேட்டாள்.

போன தை மாதக் கடைசியில் எங்கள் காலனியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். என் பகுதியில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை வைத்தேன். வாங்கிக்கொண்டார்கள். யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். போனில் வாழ்த்துவார்கள், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோவில் புஷ்பலதா அக்கா வந்து இறங்கினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். "எங்க அக்கா" என்றேன்.

மாமியார் புது டம்ளரில், புது டபராவில் காபி கொண்டுவந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் மைசூர்பாகு.

"அய்யோ, எனக்கு வேணாங்க" என்றாள் அக்கா.

"குடிங்கம்மா. பால் காச்சின வீடு."

"வேணாங்க. இன்னொரு நாளைக்கு வந்து குடிக்கிறேன்."

"ஸ்வீட்டாவது ஒரு துண்டு."

"வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

எனக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தாள். தாம்பூலத்தை மட்டும் வலது கையால் வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். நாற்காலியில்கூட உட்காராமல் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டாள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிக்கிற பெண், என் வீட்டில் மட்டும் ஒரு வாய் தொடவில்லை.

மாமியார் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "வீணாப் போவ வேணாம்" என்று அந்தக் காபியைத் தானே எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு, "படி ஏறி வந்தாளே, அதுவே பெருசு. காபி வேற குடிப்பாளா? நீ இன்னாடி எதிர்பாத்துகினு இருந்த?" என்றார். அந்தக் காலத்தில் களத்துமேட்டில் இவருக்குக் கொட்டாங்கச்சியில் உயரத்திலிருந்து ஊற்றிய காபியைப் பற்றி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதெல்லாம் பழைய கதை என்று நான் நினைத்திருந்தேன். அன்று என் சொந்தக்காரர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக அவர்கள் வெட்கப்பட்டதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அன்றைக்கு மூண்டதுதான் கோபம். அவள் வீட்டில் நான் குடித்த அரை டம்ளர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நான் அவள் வீட்டுக்குப் போய்க் குடித்தால் அது அவள் பெருந்தன்மை. என் வீட்டில் அவள் குடிக்க வேண்டும் என்றால் மட்டும் கசக்கிறதா?

அதற்குப் பிறகு இரண்டு தடவை குமரேசனுக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். அக்கா காபி போடவில்லை. "இப்பல்லாம் வீட்ல காபி போடறதில்ல செல்வி. மோர் குடிக்கிறியா?" என்றாள். எனக்கு இன்னும் ஏறியது. ஓஹோ, இப்போது சேர்ந்து குடிப்பதற்கும் முடிவு கட்டியாகிவிட்டதா என்று நினைத்தேன். "ஒண்ணும் வேணாங்க" என்றேன். 'அக்கா' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. இடது கையை அடிக்கடி உதறிக்கொண்டாள். பிணைப்பு வேலை செய்கிறவர்களுக்குக் கை வலி சாதாரணம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி முதல் வாரம் மேலே இருந்து ஒரு வேலை வந்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, போனில் இருக்கிற படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? காம்பில் நீர் வடிகிறதா? குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? 'ஆம்' என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கக் கூச்சமான கேள்விகள். ஆனாலும் கேட்டேன். மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற வீடுகளில் சமையலறைக்குள் போய்க் குசுகுசுவென்று கேட்டேன். சத்தியமாக எல்லா வீட்டிலும் கேட்டேன்.

ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

அக்கா வாசலுக்கு வந்து, "உள்ள வாடி" என்றாள். நான் செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே போனை எடுத்து அவள் பெயரைத் திறந்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகத் தட்டினேன். அரை நிமிடம் ஆகவில்லை.

அவள் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "செல்வி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"ஜல்தி கேளுங்க. எனக்கு இன்னும் ஏழு வீடு இருக்குது."

என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. போய்ட்டு வா" என்றாள்.

நான் படிவத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டேன். நன்றாகச் சொன்னோம் என்று தெரு முனைவரை எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

சித்திரை பிறந்த மறுநாள் காலை. வேலைக்குக் கிளம்பி, படிவத்தைத் திறந்தால் திறக்கவில்லை. போனில் இடமில்லை, எதையாவது அழி என்று வந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரியும். புஷ்பலதா அக்கா தினமும் காலையில் எல்லாருக்கும் ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவாள். நான் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. கோபம் வந்த பிறகு சத்தமே வராமல் அடைத்தும் வைத்திருந்தேன். மொத்தமாக அழித்துத் தலை முழுகலாம் என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். பங்குனி ரோஜா, மாசி ரோஜா, தை மாத ரோஜா. நடுவில் ரோஜா இல்லாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இருபது நாள் முன்னால் வந்தது.

'காபி குடிக்கும் பெண்களே உஷார்' என்று சிவப்பு எழுத்தில் ஆரம்பித்தது. காபியும் வெள்ளைச் சர்க்கரையும்தான் பெண்களுக்கு மார்பில் கட்டி வரக் காரணமாம். எந்த நாட்டிலோ ஒரு டாக்டர் கண்டுபிடித்தாராம். இரண்டையும் தொண்ணூறு நாள் அடியோடு விட்டால் கட்டி தானாகக் கரைந்துவிடுமாம், ஆபரேஷனே வேண்டாமாம். பத்துப் பேருக்கு அனுப்பிப் புண்ணியம் தேடிக்கொள்ளச் சொல்லி முடிந்தது.

அதன் கீழே பதினாலு வினாடிக்கு அவள் குரல். நான் கேட்காமலே விட்ட குரல். தட்டினேன்.

"செல்வி, இதப் படிச்சுப் பாத்து சொல்லு. நெசமா? நீதான் ஆஸ்பத்திரி விசயமெல்லாம் தெரிஞ்சவ. யாருகிட்டயும் சொல்லாத. எங்கிட்ட மட்டும் சொல்லு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தொடாத காபி. தொடாத மைசூர்பாகு. மஞ்சள் கயிறு. உதறிக்கொண்ட இடது கை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியாக நான் தட்டிய மூன்று 'இல்லை'. பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

அக்கா புதுப் பாவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் பாஞ்சாலை. இருவரும் சேர்ந்துதான் பிணைப்பார்கள். குமரேசன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். "பாஞ்சாலக்கா, கொஞ்சம் வெளிய இருங்க. சுகர் பாக்கணும்" என்றேன். கையில் பை இல்லாததைப் பாஞ்சாலை பார்த்தாள். ஆனாலும் எழுந்து போனாள்.

கதவைச் சாத்தினேன். "எந்தப் பக்கம்?" என்றேன்.

அக்கா விரலில் ஒட்டிய சாம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எப்பத்துலருந்து?"

"பொங்கலுக்கு எண்ண தேச்சுக் குளிக்கசொல்ல தட்டுப்பட்டுச்சு. புளியங்கொட்ட கணக்கா."

"இப்போ?"

"கொறஞ்சா மாதிரிதான் இருக்குது." என் கையை எடுத்து வைத்தாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அது குறையவில்லை என்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக, அசையாமல் இருந்தது.

"படவேட்டுக்குப் போயி ரேணுகாம்பாளுக்கு வேண்டிகினேன். தொண்ணூறு நாளு காபியும் சக்கரையும் தொட மாட்டேன், நீ இதக் கரைச்சுடு தாயேன்னு கயிறு கட்டிகினேன். இன்னிக்கு எம்பத்திரெண்டு. இன்னும் எட்டு நாளுதான் செல்வி. வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது, இப்ப நீ கேட்டுட்ட."

போனில் வந்த புளுகை அவள் சாமிக்கு நேர்ந்த விரதமாக ஆக்கிவிட்டிருந்தாள். அதனால்தான் ஒரு வாய்கூட எங்கும் தொடவில்லை. அதனால்தான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போல?"

"எங்கம்மா இதுலதான் போனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி கத்தி வச்சாங்க; ஆறு மாசத்துல முடிஞ்சுது. கத்தி பட்டா பரவிடும்னு அப்பவே சொன்னாங்க. நான் வேற இன்னா செய்வேன், சொல்லு? காபிதானே, வுட்டுட்டுப் போவட்டும்னு வுட்டேன். மொத பத்து நாளு தலவலி மண்டைய பொளந்துச்சு. பாஞ்சால குடிக்கசொல்ல வாசனைக்கே அழுக வந்துச்சு. இவ்ளோ கஷ்டப்பட்டனே, கரையாமயா போயிடும்?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெரியவில்லை. "எங்க வீட்ல காபி வேணாம்னு சொன்னியே, அது இதுக்காடி?" என்று கத்திவிட்டேன். வாய் 'நீ' என்றும் 'டி' என்றும் போய்விட்டது. "எங்க சொந்தமெல்லாம் பாத்துகினு நின்னாங்க. நாங்க குடுத்தா நீ குடிக்க மாட்டேன்னு நெனச்சுட்டேன். இவ்ளோ நாளா அதான் நெனச்சுகினு இருந்தேன்!"

அக்கா வாயைத் திறந்தபடி பார்த்தாள். "அப்படியா நெனச்ச? எனக்கு அது தோணவே இல்லியே."

"உங்களுக்குத் தோணாது. எங்களுக்கு மொதல்ல அதுதான் தோணும்."

அவள் முகம் சிவந்து, தலை குனிந்துகொண்டாள். அவ்வளவு பெரிய பயத்தோடு இருக்கிறவளிடம் இதையும் போட்டுவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"எட்டு நாள் கழிச்சு வரேன். வேண்டுதல நடுவுல முறிச்சா தெய்வக் குத்தம் ஆயிடும்."

"யாரு முறிக்கச் சொன்னா? காபி குடிக்காமயே வா. சக்கர தொடாமயே வா. ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேன்னு ரேணுகாம்பாகிட்ட வேண்டிகினியா?"

யோசித்தாள். "அது வேண்டிக்கல" என்றாள்.

"அப்புறம் இன்னா? கயித்தோட வா."

கயிற்றோடுதான் வந்தாள். காலை ஆறு மணி பஸ். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர், சின்ன வயசுதான், அவசரப்படாமல் பார்த்தார். படம் எடுத்து, ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். அக்கா டாக்டரிடம் முதலில் கேட்டது நோய் என்ன என்று இல்லை. "காபியாலதானே வந்துச்சு, டாக்டர்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "இல்லம்மா. அதப் பத்திப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்ணிப் பாத்திருக்காங்க. காபி குடிக்கிற பெண்களுக்கு மார்புல புற்றுநோய் அதிகமா வருதுன்னு அதுல தெரியல. காபிய விட்டா கட்டி கரையும்னும் யாரும் கண்டுபிடிக்கல. கொதிக்கக் கொதிக்கக் குடிச்சாதான் தொண்டைக்கு நல்லதில்ல, ஆத்திக் குடிங்க. கத்தி பட்டாப் பரவும்னு சொல்றதும் பொய். உங்க அம்மா ரொம்ப முத்தின அப்புறம் வந்திருப்பாங்க. அம்மாவுக்கு இருந்துச்சுன்னா, நீங்கதான் எல்லாரையும்விட சீக்கிரம் வந்திருக்கணும்."

"அப்போ எம்பத்திமூணு நாளும்..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள்.

அவள் ரத்தம் கொடுக்கப் போன நேரத்தில் நான் மட்டும் திரும்பி உள்ளே போய்க் கேட்டேன். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா, மேடம்?"

"நல்லா இருந்திருக்கும். எவ்ளோ நல்லாங்கறத என்னால சொல்ல முடியாது. இப்பவும் கைவிட்டுப் போகல." அந்த 'நல்லா இருந்திருக்கும்' இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனோம். குமரேசனும் வந்தார். நோய்தான். அக்குளில் நெறி கட்டியதிலும் இருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும். பிறகு ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். குமரேசன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காதான் அவரை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் குமரேசன் பின்னால் உட்கார்ந்தார். நாங்கள் முன்னால். கண்ணமங்கலம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் என் தோளில் தலை சாய்த்திருந்தாள். அந்தப் பாரத்தோடு என்னால் உட்கார முடியவில்லை.

"அக்கா, பங்குனி மாசம் நான் வந்து வாசல்லயே நின்னேனே. அன்னிக்கு உங்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியே இதுதான். கட்டி இருக்குதான்னு. எல்லா வீட்லயும் கேட்டேன். உங்கிட்ட மட்டும் கேக்காம, இல்லன்னு போட்டுட்டேன். கோவத்துல."

அவள் தலையை எடுத்தாள். "நான் அன்னிக்கு சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

"தெரியும்க்கா."

"வேண்டுதல் போனாப் போவுது, உங்கிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

அதற்குப் பிறகு ஆரணி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். இறங்கும்போது கை கொடுக்கப் போனேன். குமரேசனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மேலதிகாரியிடம் போய் நான் செய்ததை எழுதிக் கொடுத்தேன். சத்தம் போட்டார்கள். இனி இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்றார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒருமுறை அனுப்பிய படிவத்தை மாற்ற வழியில்லை என்றும் சொன்னார்கள். அவள் பெயருக்கு நேரே அந்த மூன்று 'இல்லை'யும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

வைகாசியில் ஆபரேஷன் ஆனது. இரண்டு தடவை வார்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்கள். கொண்டுபோன பழத்தைக் குமரேசனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ரோஜாப்பூ வருவதும் நின்றுவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்ப்பேன். அவள் இருப்பாளா என்ற பயம் ஒரு பக்கம். இருந்தாலும் என்னோடு பேசுவாளா என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை நினைப்பதற்கே எனக்கு அருகதை இல்லை என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. மாமியார், "யாரு அது, தலையில துண்டு கட்டிகினு?" என்று எட்டிப் பார்த்தார். புஷ்பலதா அக்கா. பருத்தித் துண்டுக்குக் கீழே தலையில் முடியே இல்லை. கன்னம் ஒட்டி, புருவமெல்லாம் உதிர்ந்து, ஆள் பாதியாகிப் போயிருந்தாள். மணிக்கட்டில் கயிறு இல்லை. அவளே படியேறி வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போன தடவை அவள் உட்காராத அதே நாற்காலி.

"காபி போடு" என்றாள்.

நான் அசையாமல் நின்றேன்.

"காது கேக்கலியா? காபி போடுடி. டம்ளர்ல குடு."

அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்தது. எப்படியோ கலந்து, அந்தப் புது டம்ளரில் ஊற்றி, நன்றாக ஆற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா அவர்களையும் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. விழுங்கினாள். மறுபடி ஒரு வாய்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா, நல்லா இல்லியா?"

"மருந்து ஏத்தினதுலருந்து வாய்ல எதுவுமே தெரியலங்க. சோறு, தண்ணி எல்லாமே துருப்பிடிச்ச இரும்பு கணக்காத்தான் இருக்குது."

"அப்போ எதுக்குக் குடிக்கிற? வச்சுடும்மா."

"இது அன்னிக்குக் குடிக்காததுங்க" என்றாள் அக்கா. "இன்னொரு நாளைக்கு வந்து குடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனேனே."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் மேல கோவம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"போவல" என்றாள். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ராத்திரி வலி எடுக்கசொல்ல உன்ன நெனச்சுப்பேன். நல்லா திட்டுவேன். அது எப்போ போவும்னு எனக்குத் தெரியல. ஆனா அந்தக் கோவத்துக்காக உன் வீட்டுக் காபிய நான் வேணாம்னு சொன்னேன்னு வையி, அது வேற மாதிரி ஆயிடும்ல? அத மட்டும் நான் செய்ய மாட்டேன்."

பாதி குடித்திருந்தாள். மீதியை டபராவில் ஊற்றி, பழைய மாதிரி என் பக்கம் தள்ளினாள்.

எடுத்துக் குடித்தேன். பதற்றத்தில் நான் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.